கால்விரலில் ஒரு முடி

பிப்ரவரி 4

என் அருமை ஜடைக்காரிக்கு,

உன் நாத்தனார் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. மூன்று மாசமாக இந்தத் தோளில் ஒரு தலை கிடந்தே பழகிவிட்டது. கனம்தான் கொஞ்சம் அதிகம். எச்சில் ஒழுகியதெல்லாம் அதே மாதிரிதான்.

போன் இருக்க கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் வீட்டுக்காரன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். இப்போது அவன் என்மேல் கோபமாக வேறு இருக்கிறான். அவன் முறைத்துக்கொண்டு கேட்பதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் கோபம் ரெட்டிப்பாகும். எழுத்து கோழி கிண்டின குப்பை மாதிரிதான் இருக்கும். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாலாம் வகுப்போடு ஒத்துப்போகவில்லை. நீ படித்தவள், கூட்டிப் பெருக்கிப் படித்துக்கொள்.

முதலில் நம் பாப்பா முதலாளியம்மாவின் கால்விரல் எப்படி இருக்கிறது என்று எழுது. அதுதான் எனக்கு ராத்திரியும் பகலும். மத்தியானம் முழுக்க அவள் வீறிட்டு அழ, நாம் இரண்டு பேரும் வயிற்று வலி என்று வயிற்றையே தடவிக்கொண்டிருந்தோம் பார், அதை நினைத்தால் என்னை நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சாக்ஸைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும். ஒற்றை முடி, விரலைச் சுற்றி இறுக்கி, விரல் கத்தரிக்காய் நிறத்தில். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இடுக்கியால் எடுத்தபோது எனக்கு மூச்சே இல்லை.

தம்பி கேட்டது தப்பில்லை. "யார் முடி இது"ன்னு கத்தாமல் பெற்றவன் வேறு என்ன செய்வான். நான்தான் "என்னுதுடா, இந்த வீட்ல உதிர்ற வயசு எனக்குத்தானே" என்றேன். மறுநாள் காலையில் டிக்கெட்டை மேஜையில் வைத்து, "அக்கா, நீ கொஞ்ச நாள் உன் வீட்லயே இரு" என்றான். அதிலும் மரியாதை பார், ஜன்னல் ஓரமாகப் பதிவு செய்திருக்கிறான்.

இங்கே சலவைக்கூடத்தில் என் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விடுதியில் கூட்டம். தினமும் மலை மலையாகப் படுக்கை விரிப்பு. உன் தலையை இப்போது யார் வாருகிறார்கள்? அதையும் எழுது.

இப்படிக்கு,
முடி உதிர்த்து நாடு கடத்தப்பட்ட உன் நாத்தனார்


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவர் வேலைக்குப் போன பிறகுதான் தபால் வருகிறது. வாசலிலேயே நின்று படித்தேன். அந்தப் பெரியவரின் எச்சிலைப் படித்து நான் சிரித்த சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துவிட்டாள். அவளும் பதிலுக்குச் சிரித்தாள்.

விரல் ஆறிவிட்டது. மோதிரம் போட்டுக் கழற்றின மாதிரி ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அதுவும் போய்விடும் என்கிறார்கள்.

என் தலையை யாரும் வாரவில்லை அக்கா, நான் உட்பட. தூக்கி ஒரு கொண்டை போட்டு, அதன்மேல் துணியைக் கட்டிவிடுகிறேன். நீங்கள் இருந்தபோது அவளை வாங்கிக்கொண்டு, "போ, போய்த் தலைக்கு ஊத்திக்கோ, சாயங்காலம் வரைக்கும் வெளிய வராதே" என்பீர்கள். இப்போது தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் அவளைத் துணிக்கூடையில் படுக்க வைத்து, குளியலறை வாசலில் வைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறேன். பாதி நுரையில் அழ ஆரம்பித்துவிடுவாள். நுரையோடு ஓடி வருவேன். மிச்ச நுரை அப்படியே காய்ந்துபோகும். இந்த முடி காய்வதற்குள் பொழுது போய்விடுகிறது. ஈரத்தோடு அவளைத் தூக்கினால் அவள் சட்டையெல்லாம் நனைகிறது.

டாக்டர் நாலாவது மாசத்தில் முடி உதிரும் என்று சொல்லியிருந்தார். இது உதிரவில்லை, கழன்று வருகிறது. குளியலறையில் தண்ணீர் போகாமல் நிற்கிறது. குச்சியை விட்டு இழுத்தால் எலி மாதிரி ஒன்று வருகிறது. அவள் கைப்பிடியில் முடி, கழுத்து மடிப்பில் முடி, பால் பாட்டிலில் முடி. சாயங்காலமானால் அவள் துணியெல்லாம் கழற்றிவிட்டு, விரல் விரலாகப் பிரித்துப் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி முதலிலிருந்து.

எதிர் வீட்டுப் பெண் பால் எடுக்க மட்டும் கதவைத் திறக்கிறாள். நேற்று அவளிடம் "மழை வரும் போலிருக்கு" என்றேன். "ஆமா" என்றாள். நேற்று நான் பெரியவர்களோடு பேசினது அவ்வளவுதான். அவர் வரும்போது எனக்குக் கண் சொருகிவிடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜடைக்காரி


பிப்ரவரி 20

ஜடைக்காரிக்கு,

உன் கடுதாசியைச் சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். ஆவியில் மை கலங்கிவிட்டது. நான் அழுதேன் என்று நினைத்துவிடாதே.

உன் வீட்டுக்காரன் ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற லிப்ட் மெக்கானிக். குடியிருப்பது மட்டும் லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. இதைவிட ஒரு கூத்து உண்டா. அவனிடம் சொல், ஒரு லிப்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரச்சொல்லி.

இப்போது நான் சொல்வதைக் கேள். காலையில் அவன் கிளம்புவதற்கு முன்னால் குழந்தையை அவன் கையில் திணித்துவிடு. கேட்காதே, திணி. நீ குளியலறைக்குள் போய், தலையைக் குனிந்து, ஈரமாக இருக்கும்போதே வாரு. உதிர்வதெல்லாம் அங்கேயே உதிரட்டும். வாரின பிறகு அதே சட்டையோடு அவளைத் தூக்காதே, மாற்றிக்கொள். அவள் துணியை உன் துணியோடு சேர்த்துத் துவைக்காதே. சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் போடு. முடி தானாக நடந்து வந்து விரலில் சுற்றாது, துவைக்கும்போது துணியில் சிக்கி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். விருந்தாளிகள் தலைமுடியைத் தலையணை உறையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி எனக்கு அதன் குணமெல்லாம் அத்துப்படி.

என் முடியைப் பற்றிக் கவலையே இல்லை. தலையில் இருப்பது எலிவால். அது தோளைத் தொட வேண்டுமென்றால் தோள்தான் மேலே வர வேண்டும்.

இங்கே விரிப்பு மடிக்க எதிர்முனையைப் பிடிப்பவள் ஒரு புதுப் பெண்பிள்ளை. ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசுவேன், அவள் துணியை உதறுவாள். நேற்று நம் வீட்டில் என் படுக்கை விரிப்பை மடிக்கப் பழக்கதோஷத்தில் எதிர்முனையை நீட்டிவிட்டேன். பிடிக்க ஆள் இல்லை. கதவுக் கைப்பிடியில் மாட்டி மடித்தேன். ஊமைக்கோட்டானுக்குக் கைப்பிடி எவ்வளவோ தேவலை, ஒரு கிறீச்சாவது வந்தது.

நம் வீடு என்று எழுதிவிட்டேன். என் அறை.

தம்பி என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா? சும்மாதான் கேட்டேன்.

இப்படிக்கு,
எலிவால் நாத்தனார்


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை மறுபடியும் ஒரு முடி. இந்தத் தடவை கையில், நடுவிரலில், இரண்டு சுற்று. இறுகுவதற்குள் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தேன். சாக்ஸைத் திருப்பினேன், சட்டையை மாற்றினேன். பாலுக்கு அழுதபோது ஓடி வந்ததில் கட்டியிருந்த துணி அவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் வந்ததும், "முடியை வெட்டிடட்டுமா" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"பாப்பாவுக்கு ஆகல. பயமா இருக்கு."

"அதான் அக்கா போயாச்சே, இனிமே என்ன பயம். உன் முடி என்ன பண்ணுச்சு?"

சொல்லிவிட்டு என் கொண்டையை அவரே அவிழ்த்துவிட்டார். "இப்படி ஒண்ணு இருக்கறதாலதான் நாலு மாடி ஏறி வர்றேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

அக்கா, ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த முடியை இடுக்கியில் தூக்கிக் காட்டினார் அல்லவா. விரலில் சுற்றினது போக மிச்சம் அவர் முழங்கை வரை தொங்கியது. உங்கள் தலையில் அத்தனை நீளத்துக்கு எங்கே போவது. நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். உங்கள் தம்பி குழந்தையின் விரலை மட்டும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். பிறகு திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் திட்டு வாங்கக் கூடாதென்றுதான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அதனால் என் முடி நல்ல முடி ஆகிவிட்டது. அதை வெட்டக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தடவை வைத்துவிட்டேன். வெட்டினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் உங்கள் பேச்சு வரும். சொல்லட்டுமா அக்கா? நீங்கள் திரும்பி வரலாம் அப்போது. உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் விட்டுப்போன செருப்பை வாசலிலிருந்து எடுக்கவும் இல்லை.

ஜடைக்காரி


மார்ச் 12

கண்ணு,

உன் கடுதாசி வந்து இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். எழுத வராதவளுக்கு யோசிக்கவும் வருமா, அதுதான்.

என் தம்பியை உனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். எனக்கு அவன் டவுசர் போடாத காலத்திலிருந்து தெரியும். அடுத்தவர் மேல் கோபம் வந்தால் அவனுக்கு ஆறிவிடும். சின்ன வயசில் அவன் புது மணிபர்சை நான் துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் "சோறு போடு" என்று வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவையும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஆறு மாசம், போனால் எட்டு மாசம். அப்புறம் ஒரு நாள் போன் அடித்து, "என்ன, உயிரோட இருக்கியா" என்பான். நானும் மூட்டையைக் கட்டியிருப்பேன்.

ஆனால் தன் பேரில் தப்பு என்று தெரிந்தால் அவன் ஆற மாட்டான். எங்கள் அப்பாவிடம் ஒரு தடவை வீண்பழியாகக் கத்திவிட்டு, பழி இல்லை என்று தெரிந்த பிறகு அவர் இருக்கிற அறைக்குள்ளேயே வராமல் சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். அப்பாதான் தேடித் தேடிப் போவார். இவன் நழுவி நழுவிப் போவான். தப்பு செய்த அக்காவை அவன் மன்னித்துக் கூப்பிடுவான். தப்பு செய்யாத அக்காவைக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. நீ சொன்னால் நான் திரும்பி வரலாம் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. அதனால்தான் எனக்குக் குற்றவாளி வேஷம் சௌகரியமாக இருந்தது.

இதெல்லாம் சொல்லாதே என்பதற்காக எழுதவில்லை. சொல்லிவிடு. அந்தச் சுண்டைக்காய் விரலைவிட என் பேர் பெரிசா. நீயும் எத்தனை நாள் கழுத்து மடிப்பையே தேடிக்கொண்டிருப்பாய். பயந்து பயந்து பிள்ளை வளர்த்தால் பால்கூட ஒட்டாது. சொல்லிவிட்டு, நல்ல கடையாகப் பார்த்து வெட்டிக்கொள். ஒட்ட வெட்டு. கோணலாக வெட்டினால் என் பேரைச் சொல்லி வெட்டுகிறவளைத் திட்டு.

அவன் முகம் கறுத்தால் கண்டுகொள்ளாதே. சாப்பாட்டை மட்டும் எடுத்து வை.

உன் நாத்தனார்


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் கையில் தொங்கின நீளத்தை என் கையிலேயே காட்டினேன். கொண்டையை அவிழ்த்து ஒரு முடியை இழுத்துப் பக்கத்தில் பிடித்தேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியிலயேவா?"

"அங்கயே."

தட்டை எடுத்துப் போய்த் தானே கழுவி வைத்தார். என்னைத் திட்டவில்லை அக்கா. நீங்கள் எழுதினது போல முகம் கறுக்கவும் இல்லை, வெளுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவரே கடைக்குக் கூட்டிப் போனார். நான் உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே பாப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். வெட்டுகிற அம்மா என் பின்னலை ஒரே கையில் பிடித்து, "மனசார சொல்றியா?" என்று இரண்டு தடவை கேட்டார். தலையாட்டினேன். கத்தரி உள்ளே போக மறுத்தது, அறுக்கத்தான் வேண்டியிருந்தது. எழுந்தபோது கழுத்து தானாக மேலே போனது. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. பாப்பா என்னை அடையாளம் தெரியாமல் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு பிடித்துத் தொங்க முடியைத் தேடி, காதைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தலைக்குக் குளிப்பது முகம் கழுவுவது போலத்தான். நுரை காய்வதில்லை. சாயங்காலம் ஒரு தடவை மட்டும் விரல் பார்க்கிறேன்.

"அக்காகிட்ட நானே பேசறேன்" என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போகிறார். உங்களுக்கு வந்ததா?

அன்புடன்,
மொட்டைத் தலைக்காரி


ஏப்ரல் 21

மொட்டைக்கு,

காதைப் பிடித்தாளா, கெட்டிக்காரி. அத்தையின் மூளை.

போன் விஷயம். என் போனில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது. மூன்று வாரமாக அடிக்கவே இல்லை. கடைக்காரனிடம் கொடுத்துப் பார்த்தேன். அவன் தன் போனிலிருந்து அடித்துக் காட்டினான், நன்றாக அடித்தது. "நல்லாத்தானே இருக்கு" என்கிறான். "நீ அடிச்சா அடிக்கும்யா, மத்தவங்க அடிச்சா அடிக்க மாட்டேங்குது" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டான்.

ஊமைக்கோட்டான் இன்று பேசினாள். "விரிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி" என்றாள். என் முனை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

தம்பியை எதுவும் கேட்காதே. நீ கேட்டால் இன்னும் இரண்டு படி கீழே இறங்கிப் போய் நிற்பான்.

நாத்தனார்


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காதே என்றீர்கள், கேட்டுவிட்டேன். "பேசினீங்களா" என்றதற்கு "லைன் கெடைக்கல" என்றார். அடுத்த வாரம் "மறந்துட்டேன்". நேற்று நான் விடவில்லை. நானாவது வரச்சொல்லி எழுதட்டுமா என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வரச்சொல்றது? ராத்திரியோட ராத்திரியா டிக்கெட் போட்டுத் தொரத்தினவன் நான்" என்றார். அதற்குமேல் நான் பேசப் பேச, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். அவளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. நான் போகவில்லை.

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. உங்களைக் கெட்டவளாகவே விட்டிருந்தால் ஆறேழு மாசத்தில் வந்துவிட்டிருப்பீர்களோ என்று நினைப்பு வருகிறது. தப்பு செய்துவிட்டேனா அக்கா?

ஜடை இல்லாதவள்


மே 26

அன்பு மொட்டைக்கு,

தப்பாவது ஒன்றாவது. கழுத்து லேசாக இருக்கிறதா இல்லையா, அதைப் பார்.

ஒரு வேடிக்கை கேள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு போன். தெரியாத நம்பர். எடுத்தால் பேச்சு இல்லை. மூச்சு மட்டும். பின்னால் எங்கேயோ "டிங்" என்று மணி, கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். ஏதோ பெரிய கட்டடத்தின் வரவேற்பு மேஜை போன் போலிருக்கிறது. நான் இரண்டு தடவை "ஹலோ" சொன்னேன். வைத்துவிடுவார்கள் போலிருந்தது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ராங் நம்பரா? பரவால்ல. போன் பண்ணினதுதான் பண்ணினீங்க, எங்க பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருச்சான்னு மட்டும் சொல்லிட்டு வைங்க" என்றேன்.

மறுபடி "டிங்" என்றது. அப்புறம் ஒரு குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கீழ ரெண்டு" என்றது. வைத்துவிட்டது.

நான் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஊமைக்கோட்டான் தன் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

போன சனிக்கிழமையும் வந்தது. வேறே நம்பர், வேறே கட்டடம். "ராங் நம்பருங்களா" என்றேன். "ம்" என்றது. "அம்மா தலை வளருதா" என்றேன். "காது வரைக்கும்" என்றது. "தவழறாளா" என்றேன். "பின்பக்கமாத்தான் போறா" என்றது. அதற்குமேல் நான் கேட்கவில்லை, ஒரே நாளில் எல்லாம் கேட்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமைக்கு என்ன இருக்கும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீ அவனிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே. எனக்குத் தெரியும் என்றும் சொல்லாதே, உனக்குத் தெரியும் என்றும் சொல்லாதே. ராங் நம்பரிடம் பேர் கேட்டால் அப்புறம் போன் வராது.

உன் நாத்தனார்